ஆலைப் புகை ஏழரை மணிக்கு ஏன் தெருவுக்கு இறங்குகிறது?

கேள்வி:

எங்கள் கிராமம் கும்பகோணம்–மன்னார்குடி சாலையை ஒட்டி இருக்கிறது. ஊருக்கு வடகிழக்கே ஒரு கிலோமீட்டருக்குள் புழுங்கல் அரிசி ஆலை. மார்கழி பிறந்ததிலிருந்து மாசி முடிய, காலை ஏழரை மணி வாக்கில் தெரு முழுக்கப் புகை இறங்கிவிடுகிறது. ஒன்பதரைக்கெல்லாம் இருந்த இடம் தெரியாது. ஆனி, ஆடியில் இந்தத் தொல்லை இல்லை. புகார் கொடுத்தோம். அதிகாரிகள் நண்பகலில் வந்து, "புகை நேரா மேலதானே போகுது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். ஆலைக்காரரோ, "எங்க புகைக்கூண்டு நூறடி, ஊருக்குள்ள வர வாய்ப்பே இல்லை, நீங்க பார்க்கிறது பனி" என்கிறார். அறுவடைக்குப் பிறகு வயல்களில் வைக்கோலும் கொளுத்துகிறார்கள். உண்மையைச் சொன்னால், போன வருஷம் என் கணவரும் கொளுத்தினார். மாமியாருக்கு 68 வயது, இளைப்பு உண்டு. மார்கழி விடியலில் ஓசோன் தரைக்கு இறங்குகிறது, உடம்புக்கு நல்லது என்று யாரோ செல்போனில் அனுப்பியதை நம்பி ஐந்தரை மணிக்கே நடக்கப் போகிறார். மகன் எட்டு மணிக்கு சைக்கிளில் பள்ளிக்குப் போகிறான். நாங்கள் பார்ப்பது பனியா, புகையா? யாரைக் கேட்பது, என்ன செய்வது?

— ஒரு வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரி,

பனியும் இருக்கிறது, புகையும் இருக்கிறது. ஆனால் உங்கள் கடிதத்தில் பெரிய தடயம் ஒன்று இருக்கிறது: ஏழரை மணி. அந்த நேரம் ஆலையைக் காட்டுகிறது. விடியற்காலை ஐந்தரைக்கே தெருவில் புகை நிற்கிறது என்று எழுதியிருந்தால், வைக்கோலையும் குப்பையையும் விறகடுப்பையும்தான் நான் முதலில் சந்தேகப்பட்டிருப்பேன். குளிர் மாதங்களில் புகை வரும் நேரத்தை வைத்தே அது எங்கிருந்து வருகிறது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். எப்படி என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். அதிகாரிகளிடமும் ஆலைக்காரரிடமும் பேசும்போது உங்களுக்கு இதுதான் கைகொடுக்கும்.

வெயில் முதலில் சூடாக்குவது தரையை. தரை, தன்னை ஒட்டிய காற்றைச் சூடாக்குகிறது. சூடான காற்று மேலே ஏறும், மேலே உள்ள குளிர்ந்த காற்று அந்த இடத்துக்கு இறங்கும். பகல் முழுக்க இப்படி ஏறி இறங்கிக் காற்று கலங்கிக்கொண்டே இருக்கிறது. வெயில் ஏறிய பகலில் இந்தக் கலக்கம் ஒரு கிலோமீட்டர் உயரம் வரை போகும், கோடையில் அதற்கு மேலும் போகும். அவ்வளவு காற்றிலும் புகை பரவிக் கரைந்துவிடுகிறது. நண்பகலில் வந்த அதிகாரிகள் பொய் சொல்லவில்லை. அவர்கள் பார்த்த நேரத்தில் புகை நேராக மேலேதான் போயிருக்கும்.

இரவில் நிலைமை தலைகீழ். வானம் தெளிந்து, காற்றும் அடங்கிய மார்கழி, தை இரவுகளில் தரை தன் சூட்டையெல்லாம் வானத்துக்கு விட்டுவிட்டுக் குளிர்ந்துபோகிறது. அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து, கனத்து, கீழேயே கிடக்கிறது. அதற்கு மேலே இருக்கும் காற்று அவ்வளவு குளிர்வதில்லை. சராசரியாக ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறரை டிகிரி குளிர வேண்டும். இந்த இரவுகளிலோ தரையிலிருந்து முதல் நூறு, இருநூறு மீட்டருக்குள் ஏற ஏறச் சூடு கூடுகிறது. வெப்பத் தலைகீழ் நிலை என்று இதற்குப் பெயர். பானைக்கு மூடி போட்டதுபோலத்தான். கீழே எரிவது எதுவானாலும் அதன் புகை அந்த மூடியைத் தாண்டாது. ஒரு கிலோமீட்டர் உயரத்துக்குப் பரவ வேண்டிய புகை நூறு மீட்டருக்குள் அடைபட்டால், அதே அளவு புகை பத்து மடங்கு அடர்த்தியாகிறது. எரிப்பவர் எதையும் கூட்டவில்லை, சுவாசிப்பவருக்கு மட்டும் கூடிவிடுகிறது.

இப்போது ஆலைக் கூண்டுக்கு வருவோம். நூறடி என்றால் முப்பது மீட்டர். அதிலிருந்து வெளிவரும் புகை சூடாக இருப்பதால் இன்னும் கொஞ்சம் ஏறும். பிறகு, தன்னைச் சுற்றியுள்ள அசையாத காற்றில் மேலேயும் போக முடியாமல், கீழேயும் இறங்க முடியாமல், பட்டையாகக் கிடைமட்டத்தில் நீளும். நீங்கள் காலை ஆறு மணிக்கு மாடியில் நின்று பார்த்தால், ஆலைப் பக்கமிருந்து ஊர்த் தலைக்கு மேலே சாம்பல் நிறத்தில் ஒரு நாடா ஓடுவது தெரிய வேண்டும். அந்த நேரத்தில் தெருவில் அதன் வாசனைகூட இருக்காது. சூரியன் வந்து தரை சூடேறத் தொடங்கியதும் கலக்கம் தரையிலிருந்து மேல்நோக்கி மெல்ல வளர்கிறது. முதலில் பத்து மீட்டர், பிறகு இருபது, ஐம்பது. அது அந்தப் புகை நாடாவைத் தொடும் நேரத்தில், இரவெல்லாம் மேலே சேர்ந்து நின்ற புகை மொத்தமும் கீழே இழுக்கப்பட்டுத் தெருவில் இறங்குகிறது. உயரே மூடி இன்னும் கழன்றிருக்காது, அதனால் மேலேயும் தப்பிக்க வழியில்லை. தை மாதம் நம் பக்கம் சூரியன் ஆறரை மணியைத் தாண்டி உதிக்கிறது. அதிலிருந்து ஒரு மணி நேரம் கூட்டுங்கள். உங்கள் ஏழரை மணி வந்துவிட்டது. ஒன்பது, ஒன்பதரைக்குள் மூடி முழுவதும் உடைந்துவிடும், புகையும் கலைந்துவிடும்.

ஆகவே ஆலைக்காரர் சொல்வதில் பாதி சரி. உயரமான கூண்டு இரவில் ஊரைக் காப்பாற்றுகிறது, காலையில் காப்பாற்றுவதில்லை. இன்னொன்றையும் கவனியுங்கள். கூண்டு, பக்கத்தில் இருக்கும் ஆலைக் கட்டடத்தைப்போல் ஏறக்குறைய இரண்டரை மடங்கு உயரம் இருக்க வேண்டும். கட்டடம் உயர்ந்து கூண்டு குட்டையாக இருந்தால், காற்று கட்டடத்தின் மேல் ஏறி மறுபக்கம் சுழலும்போது புகையையும் கூடவே கீழே இழுத்துவிடும். இது எந்த நேரத்திலும் நடக்கும், மூடிக்குக் காத்திருக்காது.

ஆனி, ஆடியில் ஏன் இல்லை என்பதற்கு இரண்டு காரணங்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று அந்த மாதங்களில் பலமாக வீசுகிறது. அம்மியே பறக்கும் காற்றில் மூடி எப்படி நிற்கும்? தவிர, அந்தக் காற்று ஆலைப் புகையை உங்களுக்கு எதிர்த்திசையில் கொண்டுபோகிறது. மார்கழி, தையில் மெல்லிய வாடை வடகிழக்கிலிருந்து நேராக உங்கள் தெருவுக்கு வருகிறது. ஐப்பசி, கார்த்திகையில் தொல்லை குறைவாக இருப்பதற்கு மழை காரணம். நல்ல மழை பெரிய துகள்களைக் கழுவிவிடும். தூறல் அவ்வளவு செய்யாது.

பனியா, புகையா என்ற கேள்விக்கு இன்னும் துல்லியமான பதில் உண்டு. வெறும் பனிக்கு வாசனை கிடையாது, கண் எரியாது. சைக்கிள் சீட்டில் ஈரம் இருக்கும், அவ்வளவுதான். ஆனால் புகை சேர்ந்த பனி வெறும் பனியைவிட அடர்த்தியாகத் தெரியும். காற்றில் ஈரம் எண்பது சதவீதத்தைத் தாண்டும்போது புகைத் துகள்கள் நீரை உறிஞ்சிப் பருக்கின்றன, பனித்துளிகளும் அவற்றின் மேலேயே உருவாகின்றன. நான்கு பக்கமும் வயலும் வாய்க்காலுமாக இருக்கும் நம் ஊர்களில் விடியலில் ஈரம் அதற்கு மேல்தான். 2018 போகியன்று சென்னை விமான நிலையத்தில் விமானங்கள் தாமதமானதற்கும் பனியும் போகிப் புகையும் கைகோத்ததுதான் காரணம். பழைய பாயையும் டயரையும் கொளுத்த வருஷத்திலேயே மோசமான நேரம் எதுவென்று கேட்டால், தை பிறப்பதற்கு முந்தைய விடியல் என்றுதான் சொல்வேன். உங்கள் ஊரில் போகிக்கு டயர் எரிக்கும் பிள்ளைகள் இருந்தால் தயவுசெய்து தடுத்துவிடுங்கள்.

மாடியில் காயும் துணியில் கரும்பூ விழுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். உலையில் உமி எரிவதால் வரும் கரி அது. பார்க்க அசிங்கம், ஆனால் மூக்கோடு நின்றுவிடும் அளவுக்குப் பெரியது. நுரையீரலின் ஆழம் வரை போவது கண்ணுக்குத் தெரியாத நுண்துகள். இரண்டரை மைக்ரானுக்கும் குறைவு, தலைமுடியின் தடிமனில் இருபத்தைந்து, முப்பதில் ஒரு பங்கு. நம் நாட்டில் 2009-இல் வகுத்த தரப்படி ஒரு நாள் சராசரியாக, ஒரு கனமீட்டர் காற்றில் இது 60 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் அதை 15 என்று இறுக்கியிருக்கிறது.

"ஒரு நாள் சராசரி" என்ற சொற்களில்தான் உங்கள் ஊர் போன்ற ஊர்களின் சங்கடம் இருக்கிறது. ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். நாளில் 21 மணி நேரம் 30 மைக்ரோகிராம், காலையில் 3 மணி நேரம் மட்டும் 200 என்று வைத்துக்கொள்ளுங்கள். கூட்டி 24-ஆல் வகுத்தால் 51. தரத்துக்குள் இருக்கிறது என்று காகிதம் சொல்லும். உங்கள் மகன் சைக்கிள் மிதிப்பது அந்த 200-இல். செல்போனில் காற்றுத் தரக் குறியீடு பார்க்கும்போதும் இதை நினைவில் வையுங்கள். அதில் துகளுக்கான எண் 24 மணி நேரச் சராசரியிலிருந்து வருவது, நிலையமும் உங்கள் ஊரில் இல்லை. ஊர் இளைஞர்கள் மலிவான துகள்மானி வாங்கலாமா என்று கேட்டால், ஏற்ற இறக்கத்தைப் பார்க்க வாங்கலாம் என்பேன். எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். பனியில் பருத்த துகளை அது கூட்டிக் காட்டும்.

உங்கள் மாமியார் விஷயத்தில் நான் கண்டிப்பாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. மார்கழியில் ஓசோன் இறங்கி வருகிறது என்பது முற்றிலும் தவறு. ஓசோன் படலம் இருப்பது பதினைந்திலிருந்து முப்பத்தைந்து கிலோமீட்டர் உயரத்தில். அது அங்கேயே இருக்கும். தரைக்கு அருகில் ஓசோன் உண்டாவது வாகனப் புகையின் வாயுக்கள் வெயிலில் வினைபுரிவதால், அதுவும் பிற்பகலில்தான் கூடும். அப்படி உண்டாகும் ஓசோன் மூச்சுக்குழாயை அரிக்கும், இளைப்பு உள்ளவர்களுக்கு ஆகவே ஆகாது. விடியலில் கோலம் போடுவதையோ கோயிலுக்குப் போவதையோ நான் குறை சொல்லவில்லை. அதற்கு ஓசோனின் தயவு தேவையில்லை. ஆனால் இளைப்புக்காரர் ஒருவர், ஊரில் இரவெல்லாம் எரிந்த புகை தரையில் கிடக்கும் நேரத்தில், குளிர்ந்த காற்றில், மூச்சு வாங்க நடப்பது நல்லதல்ல. மாசி முடியும்வரை நடையை மாலை நான்கு மணிக்கு மாற்றச் சொல்லுங்கள், ஐந்தரைக்குள் வீடு திரும்பிவிடட்டும். காலையில்தான் நடப்பேன் என்றால் பத்து மணிக்கு. மருத்துவர் கொடுத்த இன்ஹேலரைப் பனிக்காலத்தில் தானாக நிறுத்தக்கூடாது. ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாமல் மூச்சு வாங்கினாலோ, உதடு நீலம் பாரித்தாலோ 108-ஐ அழைக்கத் தயங்க வேண்டாம்.

மகனுக்கு இரண்டு வழிகள். ஏழு மணிக்கு முன்பே கிளம்பி, பள்ளி வளாகத்தில் இருந்துவிடலாம், பள்ளி ஆலைப் புகை வராத பக்கம் இருந்தால் மட்டும். இல்லையென்றால் புகை அடர்ந்த நாட்களில் சைக்கிளை விட்டுவிட்டுப் பேருந்தில் அனுப்புங்கள். மிதிக்கும்போது உள்ளே போகும் காற்று உட்கார்ந்திருப்பதைவிடப் பல மடங்கு. முகத்தில் துண்டைக் கட்டுவது கரும்பூவைத்தான் தடுக்கும். நுண்துகளுக்கு என்95 முகக்கவசம், மூக்கோரம் இடைவெளியில்லாமல் படிந்திருந்தால், உதவும். வீட்டு ஜன்னல்களை ஏழு மணிக்குச் சாத்தி பத்து மணிக்குத் திறந்து வையுங்கள். பனிக்காலம் என்று நாள் முழுக்கச் சாத்தி வைக்காதீர்கள், அடுப்புப் புகை உள்ளேயே தங்கிவிடும். சாயங்காலம் மாட்டுக் கொட்டகையில் கொசுவுக்கு மூட்டம் போடுவீர்கள் என்றால் அதுவும் இதே கணக்குதான். சூரியன் மறைந்ததும் மூடி விழத் தொடங்குகிறது. மாமியார் படுக்கும் அறை கொட்டகையை ஒட்டி இருந்தால், மூட்டத்துக்குப் பதில் கொட்டகைக்குக் கொசுவலை கட்டலாம்.

வைக்கோல் பற்றி. உங்கள் கணவர் கொளுத்தியதை மறைக்காமல் எழுதியதற்கு நன்றி. அவரைக் குற்றவாளியாக்க எனக்கு மனமில்லை. கையறுவடைக் காலத்தில் கட்டாகக் கட்டிப் போரில் ஏற்றிய வைக்கோலை, அறுவடை இயந்திரம் வயல் முழுக்க இறைத்துவிட்டுப் போகிறது. குறுவை அறுத்துத் தாளடி நட வேண்டிய அவசரத்தில், மழையில் நனைந்த வைக்கோலை மாடும் தின்னாது, வியாபாரியும் வாங்கமாட்டார். அந்தச் சங்கடம் புரிகிறது. ஆனால் அவர் மாலையில் கொளுத்தியிருப்பார் என்று நினைக்கிறேன், பெரும்பாலோர் வயல் வேலை முடிந்து அப்போதுதான் செய்கிறார்கள். பனி இறங்கத் தொடங்கிய ஈர வைக்கோல் தீயாக எரியாது, புகைந்துகொண்டே கிடக்கும். எரிவதைவிடப் புகைவதில்தான் துகள் அதிகம். அதன் மேல் மூடியும் விழுந்தால், அந்தப் புகை விடியும்வரை ஊர்த் தரையிலேயே கிடக்கும். நண்பகலில் கொளுத்தலாமே என்றால், காய்ந்த வைக்கோல் தீ பக்கத்து வயலுக்கும் தென்னந்தோப்புக்கும் ஓடும். கொளுத்துவதற்கு நல்ல நேரம் என்று ஒன்று கிடையாது.

சம்பா, தாளடி அறுவடையில் வழி சுலபம். தை, மாசியில் வைக்கோல் காய்ந்திருக்கும், கட்டு கட்டும் இயந்திரம் வாடகைக்குக் கிடைக்கிறது, கட்டை வயலிலேயே வந்து வாங்கிப்போகும் வியாபாரிகளும் இருக்கிறார்கள். அறுப்புக்கு முன்பே உளுந்தோ பயறோ தெளித்தவர் எப்படியும் கொளுத்தமாட்டார், முளை கருகிவிடுமே. ஆகவே கணவரிடம் அடுத்த தையில் உளுந்து தெளிக்கச் சொல்லுங்கள், பிரச்சினை தானாகத் தீரும். குறுவையில் நனைந்த வைக்கோலுக்கு, ரோட்டவேட்டரால் மடக்கி உழுது, தண்ணீர் கட்டி, ஒரு பத்து நாளாவது மட்கவிட்டு நடுவதுதான் நல்லது. கொளுத்தினால் வைக்கோலில் உள்ள தழைச்சத்து ஏறக்குறைய முழுவதும் புகையோடு போய்விடும், பிறகு அதையே யூரியாவாகக் காசு கொடுத்து வாங்க வேண்டும். எத்தனை நாள் மட்க விடுவது, நுண்ணுயிர்க் கலவை தெளிக்கலாமா என்பதை உங்கள் வட்டார வேளாண் விரிவாக்க மையத்தில் கேட்டுக்கொள்ளலாம்.

டெல்லியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அங்கே ஐப்பசி, கார்த்திகையில் மூடி பல நாட்கள் தொடர்ந்து விழுந்தே கிடக்கும், கடலும் தூரம். நமக்குக் கடல் பக்கத்தில் இருக்கிறது, மூடி அநேகமாக ஒவ்வொரு நாளும் உடைந்துவிடுகிறது. இந்த ஊரில் பிரச்சினை நாளுக்குச் சில மணி நேரம்தான், அதனால்தான் யாரும் அதைப் பார்க்க வருவதில்லை. அசையாத இரவுக் காற்றைச் சாதாரணமாக எண்ணவும் கூடாது. 1984 டிசம்பர் 2-ஆம் தேதி நள்ளிரவில் போபாலில் கசிந்த வாயு ஊருக்குள் தரையோடு பரவியதில் அந்தக் குளிர்ந்த இரவுக்கும் பங்கு உண்டு.

இனி புகார். ஆலைக்கு எதிராகச் சண்டைக்குப் போகாதீர்கள், உங்கள் ஊர் நெல்லையும் அந்த ஆலைதான் அரைக்கிறது. கேட்க வேண்டியது இரண்டே. ஒன்று, கூண்டுக்கு முன்னால் சாம்பலைப் பிடிக்கும் சைக்ளோன் வேலை செய்கிறதா, நுண்துகளுக்குப் பை வடிகட்டியோ நீர்த்தூவல் கருவியோ இருக்கிறதா. சைக்ளோன் மட்டும் போதாது, அது பெரிய துகளைத்தான் பிடிக்கும். இரண்டு, உலையை மூட்டுவதையும் சாம்பல் வாருவதையும் காலை பத்து மணிக்குப் பிறகு மாற்ற முடியுமா. உலை புதிதாக மூட்டும்போதுதான் புகை அதிகம். இந்த இரண்டாவதற்குப் பணச்செலவே இல்லை.

மனு எழுதும் முன் இரண்டு வாரம் குறிப்பெடுங்கள். காலை ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது மணிக்கு ஒரே இடத்திலிருந்து, கூண்டு தெரியும்படி படம். ஒரு கம்பில் நூல் கட்டி, காற்று எந்தப் பக்கம் என்று எழுதுங்கள். அன்று புல்லில் பனி இருந்ததா, வானம் தெளிவா. கூண்டின் வாயில் பளிச்சென்று வெள்ளையாக வந்து சில மீட்டருக்குள் மறைவது நீராவி, அதைப் புகைக் கணக்கில் சேர்க்காதீர்கள். சேர்த்தால் உங்கள் குறிப்பு முழுவதையும் தள்ளிவிடுவார்கள். இரவு மாடியில் ஒரு தாம்பாளத்தை வைத்து, காலை ஏழு மணிக்கும் ஒன்பதரைக்கும் அதைப் படமெடுங்கள். ஏழு மணிக்கு வெறுமையாக இருந்த தட்டில் ஒன்பதரைக்குக் கரி இருந்தால், நான் மேலே சொன்னதற்கெல்லாம் அதுவே சாட்சி.

மனுவை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கொடுத்து ரசீது வாங்குங்கள். நகலை தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கு அனுப்புங்கள், 1981-ஆம் ஆண்டின் காற்று மாசுத் தடுப்புச் சட்டப்படி நடவடிக்கை எடுக்கும் அதிகாரம் வாரியத்துக்கு உண்டு. மனுவில் நீளமாக எதுவும் வேண்டாம். இப்படி எழுதினால் போதும்: "மார்கழி முதல் மாசி வரை காலை 7 முதல் 9.30 மணிக்குள், வாடைக்காற்று வீசும் நாட்களில், ஆலைப் புகை எங்கள் தெருவுக்கு இறங்குகிறது. இரண்டு வாரக் குறிப்பும் படங்களும் இணைத்துள்ளோம். தங்கள் பொறியாளர் அந்த நேரத்தில் வந்து, எங்கள் தெருவில் மணிக்கொரு முறை அளந்து பார்க்கவும், ஆலையின் வடிகட்டியைச் சோதிக்கவும் கேட்டுக்கொள்கிறோம்."